மேனுவல் எழுதுபவருக்கும் ஒரு தேர்வு வேண்டும்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 84-வது பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரு பொருளால் யாருக்காவது தீங்கு நேர்ந்தால், அதைத் தயாரித்தவர் எந்தெந்தக் காரணங்களுக்காகப் பொறுப்பேற்க வேண்டும் என்று அது வரிசையாகச் சொல்கிறது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை என்று போகும் அந்த வரிசையின் கடைசியில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. தீங்கு நேராதபடி பொருளைச் சரியாகப் பயன்படுத்தப் போதுமான வழிமுறைகள் தரப்படவில்லை என்றாலும், தவறான பயன்பாட்டைப் பற்றிய எச்சரிக்கை இல்லை என்றாலும் தயாரிப்பாளரே பொறுப்பு. 2020 ஜூலை முதல் இந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மோட்டாரில் இருக்கும் குறைக்கும் மேனுவலில் விடுபட்ட ஒரு வரிக்கும் சட்டம் வேறுபாடு பார்ப்பதில்லை.

அந்த மோட்டாரை வடிவமைத்தவர் பொறியியல் படித்திருப்பார். அதற்கு வயரிங் செய்பவருக்குத் தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று இருக்கிறது. ஒரு தொழிற்சாலையில் பாய்லரை இயக்குபவர் தேர்வு எழுதித் தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். அந்த பாய்லரை எப்படி இயக்குவது என்று எழுதுபவரிடம் மட்டும் நாம் எதுவும் கேட்பதில்லை. நல்ல ஆங்கிலம் தெரியுமா என்று கேட்கிறோம். அதோடு விட்டுவிடுகிறோம்.

நான் அப்படி எழுதுகிறவள். சென்னையில், மருத்துவக் கருவிகளுக்கான மேனுவல்களை இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிவருகிறேன். வேலையின் பெயர் டெக்னிக்கல் ரைட்டர். என் அம்மாவுக்கு இதை விளக்க நான் எடுத்துக்கொண்ட முயற்சிகளைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம். கடைசியில், மெஷினோடு பெட்டியில் ஒரு புத்தகம் வருமே, அதை எழுதுகிறேன் என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. இந்த வேலைக்கு முறையான சான்றிதழ் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்த மாதிரிச் சான்றிதழ் என்பதில்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

வேலை என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளியின் கட்டிலருகே ஸ்டாண்டில் மாட்டியிருக்கும் இன்ஃப்யூஷன் பம்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாட்டிலிலிருந்து மருந்து ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மில்லி என்ற கணக்கில் இறங்க வைப்பது அதன் வேலை. அதிலிருந்து டியூபைக் கழற்றும்போது முதலில் கிளாம்பை மூட வேண்டும், பிறகுதான் பம்பின் கதவைத் திறக்க வேண்டும். தானாக அடைத்துக்கொள்ளும் பாதுகாப்பு அமைப்பு இல்லாத டியூபில் இந்த வரிசை மாறினால், பம்பின் கட்டுப்பாடு போய், மேலே தொங்கும் மருந்து மளமளவென்று நோயாளியின் உடலில் இறங்கிவிடும். அது இதயத்துக்கான மருந்தாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஒரு மேனுவலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கதவைத் திறக்கவும், டியூபை வெளியே எடுக்கவும் என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே பெட்டி கட்டி, கதவைத் திறக்கும் முன் கிளாம்பை மூடியிருக்க வேண்டும் என்று எச்சரிக்கிறது. இலக்கணத்தில் பிழை இல்லை. தகவலிலும் பிழை இல்லை. எல்லாமே இருக்கிறது. ஆனால் இரவுப் பணியில் நான்கு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் செவிலியர் ஒவ்வொரு வரியாகப் படித்து, படித்ததைச் செய்துகொண்டு போவார். எச்சரிக்கையை அவர் படிக்கும்போது கதவு திறந்திருக்கும். எச்சரிக்கை, அது சொல்லும் செயலுக்கு முன்னால் வர வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அந்தப் பாடம் தெரியாத ஒருவர் மிக நல்ல ஆங்கிலத்தில் அந்த மேனுவலை எழுதிவிட முடியும் என்பதுதான் என் கவலை.

மருத்துவமனைகளில் இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். கருவியின் மேல் வெள்ளை பிளாஸ்டரை ஒட்டி, அதில் பேனாவால் மூன்று நான்கு வரி எழுதியிருப்பார்கள். எந்தப் பட்டனை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும், எந்த அலாரம் வந்தால் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மூத்த செவிலியர் தன் கைப்படத் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதியது அது. அந்த பிளாஸ்டர் இருக்கும் இடத்திலெல்லாம், மேனுவல் தன் வேலையைச் செய்யவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். மருத்துவமனைக்குப் போகும் என் ஜூனியர்களிடம் முதலில் அந்த பிளாஸ்டர்களைப் படித்து எழுதிக்கொண்டு வரச் சொல்வேன்.

மேனுவலின் குறையால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு எங்கள் துறையில் எல்லோரும் படிக்க வேண்டிய ஒரு வழக்கு தெராக்-25. கனடாவில் தயாரான புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம். 1985-க்கும் 1987-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அது அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் இறந்தார்கள். முதன்மைக் காரணம் மென்பொருளில் இருந்த பிழை. முந்தைய மாடல்களில் இருந்த வன்பொருள் தடுப்பை எடுத்துவிட்டு மென்பொருளை மட்டும் நம்பியது அடுத்த காரணம். இவை பொறியாளர்களின் பொறுப்பு. ஆனால் 1986-இல் டெக்சஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இயந்திரம் நின்று, திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று வந்தது. அப்படியென்றால் என்ன? இயக்குபவரிடம் இருந்த மேனுவலில் அந்த எண்களுக்கு விளக்கமே இல்லை. சின்னச் சின்னக் காரணங்களுக்காக அடிக்கடி நின்று, ஒரு விசையை அழுத்தினால் மீண்டும் ஓடும் இயந்திரம் அது. குறைவான கதிர்வீச்சே போயிருக்கிறது என்று திரை வேறு காட்டியது. அவர் அந்த விசையை அழுத்தினார். உள்ளே படுத்திருந்தவருக்கு இரண்டாவது முறையும் கதிர் பாய்ந்தது.

நான்சி லெவ்சன், கிளார்க் டர்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993-இல் இந்த விபத்துகளைப் பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரையை மென்பொருள் பொறியியல் வகுப்புகளில் இன்றும் படிக்கிறார்கள். பொறியாளர்கள் அதிலிருந்து தங்கள் பாடத்தை எடுத்துக்கொண்டார்கள். என் துறைக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. திரையில் தோன்றக்கூடிய ஒவ்வொரு பிழை எண்ணுக்கும் பொருள் என்ன, இயக்குபவர் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று பொறியாளரின் எதிரில் உட்கார்ந்து விடாமல் கேட்டு வாங்க ஒருவர் வேண்டும். 'அது எங்களுக்கு மட்டும்தான், யூசருக்குத் தேவையில்லை' என்று பொறியாளர் சொல்லும்போது, திரையில் வருகிறதே, அப்படியானால் தேவைதான் என்று மறுத்துச் சொல்லும் துணிவு அவருக்கு வேண்டும். அந்தத் துணிவுக்குப் பின்னால் தொழில் சார்ந்த ஒரு நிலை வேண்டும். சான்றிதழ் தரக்கூடியது அதைத்தான்.

பெரும்பாலான அலுவலகங்களில் டெக்னிக்கல் ரைட்டருக்கு அந்த நிலை இல்லை. ரிலீஸுக்கு நான்கு நாள் இருக்கும்போது பொறியாளரின் குறிப்புகள் வரும். 'கொஞ்சம் இங்கிலீஷ் சரிபண்ணிக் கொடுங்க' என்பார்கள். டெஸ்ட்டிங் செய்பவர் 'இதை ரிலீஸ் பண்ண முடியாது' என்று சொன்னால் கூட்டம் கூட்டுவார்கள். ஐ.எஸ்.டி.க்யூ.பி. என்ற உலகளாவிய சான்றிதழ் 2002 முதல் டெஸ்ட்டிங் துறையில் இருக்கிறது. அதைப் படித்தவர்கள் எல்லோரும் சிறந்த டெஸ்ட்டர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் டெஸ்ட்டிங் என்றால் என்னென்ன, எந்த நிலையில் எதைச் செய்ய வேண்டும் என்ற பொதுவான புரிதல் அந்தத் துறைக்குக் கிடைத்துவிட்டது. மேனேஜர்களுக்கும் அது தெரிகிறது. எங்கள் வேலையில் அப்படி ஒரு பொதுப் புரிதல் இல்லாததால், ஒவ்வொரு புதிய மேனேஜருக்கும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் புரிதலை உருவாக்கும் முயற்சிகள் உலகில் நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் சொசைட்டி ஃபார் டெக்னிக்கல் கம்யூனிகேஷன், எஸ்.டி.சி. என்பார்கள், 1953-இல் வேர்கொண்ட அமைப்பு. சி.பி.டி.சி. என்ற சான்றிதழை மூன்று நிலைகளாக வகுத்து, 2016-இல் அடிப்படை நிலைக்கான தேர்வைத் தொடங்கியது. ரிச்சர்ட் ஜான்சன்-ஷீஹன் எழுதிய பாடநூல் ஒன்றை அடிப்படையாக வைத்து, எங்கள் வேலையை ஒன்பது பகுதிகளாகப் பிரித்தது. திட்டமிடல், தேவையை ஆராய்தல், உள்ளடக்கத்தை உருவாக்குதல், ஒழுங்கமைத்தல், எழுத்து, படம், சரிபார்த்துத் திருத்தல், உள்ளடக்க மேலாண்மை, வெளியிட்டு வாசகரிடம் சேர்த்தல்.

இந்த ஒன்பதையும் பாருங்கள். எழுத்து அதில் ஒன்றுதான். நான் அந்தப் பாடத்திட்டத்தைப் படித்தபோது என்னைக் கவர்ந்தது இந்தக் கணக்குதான். நம் ஊரில் வேலைக்கு எடுக்கும்போது ஒன்றைச் சோதிக்கிறோம். மீதி எட்டும் வேலையில் சேர்ந்தபின் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம்.

அந்த எஸ்.டி.சி. இன்று இல்லை. நிதி நெருக்கடி முற்றி, 2025 ஜனவரி இறுதியில் திவால் நடவடிக்கைக்குப் போவதாக அறிவித்துக் கதவை மூடியது. எழுபது ஆண்டுகளைக் கடந்த அமைப்பு. இந்தியாவிலும் அதற்குக் கிளை இருந்தது. சென்னை, பெங்களூரு, புனே என்று பல நகரங்களிலிருந்து ஆட்கள் வந்து கூடினார்கள், மாநாடு நடத்தினார்கள். டாலரில் கட்டணம் கட்டி, வேலை முடிந்து இரவில் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்தவர்களிலேயே இருக்கிறார்கள். சான்றிதழில் கையெழுத்திட்ட அமைப்பே இல்லாமல் போகும்போது, ரெஸ்யூமேயில் அந்த வரியை வைத்துக்கொள்ளலாமா என்று அவர்கள் என்னிடம் கேட்டார்கள். வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னேன். படித்தது போய்விடவில்லை. ஆனாலும் அதை நம்பி அடுத்த வேலைக்கு முயன்றுகொண்டிருந்த ஒரு இளம்பெண்ணுக்கு அது பெரிய இழப்பு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இந்த முடிவைக் காட்டி, 'பார்த்தீர்களா, சான்றிதழ் என்பதே இந்தத் தொழிலுக்கு ஒத்துவராது' என்கிறார்கள் சிலர். நான் அதிலிருந்து வேறொன்றைப் புரிந்துகொள்கிறேன். உறுப்பினர் சந்தாவை நம்பி நிற்கும் ஒரே ஒரு சங்கத்தின் கையில் ஒரு தொழிலின் தகுதியை ஒப்படைக்கக் கூடாது. ஜெர்மனியில் 1978-இல் தொடங்கப்பட்ட டெகோம் என்ற அமைப்பு இன்றும் இயங்குகிறது, சான்றிதழும் தருகிறது. அங்கே இந்தத் துறைக்குப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்புகள் இருக்கின்றன. இயந்திரங்களை விற்க வேண்டுமானால் வழிமுறைகளைச் சரியாகத் தர வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டங்கள் கட்டாயப்படுத்துகின்றன. வழிமுறையில் இருக்கும் குறையையும் பொருளின் குறையாகவே பார்க்கும் பொறுப்புச் சட்டம் ஜெர்மனியில் 1990 முதல் இருக்கிறது. சட்டம், பல்கலைக்கழகம், தொழிற்சாலை மூன்றும் சேர்ந்து தாங்குவதால் அங்கே சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறது. நம்மிடம் இப்போது சட்டம் வந்துவிட்டது. மற்ற இரண்டும் வரவில்லை.

ஆடிட் என்ற கோணத்திலும் பார்க்க வேண்டும். மருத்துவக் கருவி நிறுவனங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 13485 தரநிலை, பொருளின் தரத்தைப் பாதிக்கும் வேலையைச் செய்பவர் அதற்குத் தகுதியுள்ளவர் என்பதற்கு ஆவணம் வைத்திருக்கச் சொல்கிறது. வழிமுறைக் கையேடுகளுக்கென்றே 82079-1 என்ற சர்வதேசத் தரநிலை உண்டு. அதன் 2019 பதிப்பு, எழுதுபவரின் தொழில்திறனைப் பற்றியும் பேசுகிறது. ஆடிட்டர் வந்து, இந்த மேனுவலை எழுதியவரின் தகுதிக்கான பதிவைக் காட்டுங்கள் என்றால் என்ன காட்டுவார்கள்? ஒரு சாஃப்ட்வேரைப் பயன்படுத்த அரை நாள் பயிற்சி எடுத்ததற்கான வருகைப் பதிவைக் காட்டுகிற இடங்கள் உண்டு. அந்தச் சாஃப்ட்வேரில் தலைப்பு எப்படி வைப்பது என்று அவருக்குத் தெரியும் என்பதற்கு அது சான்று. கிளாம்பை முதலில் மூடச் சொல்ல வேண்டும் என்று தெரியும் என்பதற்குச் சான்று அல்ல.

சான்றிதழ் வேண்டாம் என்பவர்களின் வலுவான வாதத்தை நான் மதிக்கிறேன். அது இது. எழுத்தாளரை அவர் எழுதியதை வைத்துத்தானே மதிப்பிட வேண்டும்? சாம்பிளைக் காட்டச் சொல்லுங்கள், ஒரு சின்ன டெஸ்ட் கொடுங்கள், தெரிந்துவிடும். எந்தக் கவிஞர் சான்றிதழ் வாங்கினார்?

கவிதையில் கவிஞரின் பெயர் இருக்கும். மேனுவலில் எழுதியவரின் பெயர் எந்த மூலையிலும் இருக்காது. பத்து ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில் எழுதிவிட்டு வெளியே வருபவர் எதைக் காட்டுவார்? எல்லாம் நிறுவனத்தின் சொத்து. வேலையில் சேரும்போதே ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். மருத்துவக் கருவி, ராணுவத் தளவாடம், வங்கி மென்பொருள் என்று பொறுப்பு அதிகமான இடங்களில்தான் இந்தக் கட்டுப்பாடும் அதிகம். ஆக, மிகக் கடினமான வேலையைச் செய்தவரிடம்தான் காட்ட ஒன்றும் இருக்காது. இணையத்தில் திறந்த மூல மென்பொருள்களுக்கு எழுதிக் காட்டலாமே என்பார்கள். நல்ல வழிதான். ஆனால் மாலையில் வீட்டுக்கு வந்ததும் அடுப்படியும் குழந்தையின் வீட்டுப்பாடமும் காத்திருக்கும் பெண்ணுக்கு, சம்பளமில்லாமல் இரவில் எழுத நேரம் எங்கே கிடைக்கும்? குழந்தைக்காக இரண்டு மூன்று ஆண்டுகள் வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வரும் பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். பழைய நிறுவனத்தில் எழுதிய எதையும் காட்ட முடியாது. புதிதாக எழுதியது இல்லை. அவர்கள் கையில் ஒரு தேர்வின் முடிவு இருந்தால், பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இதைவிட எனக்கு முக்கியமான இன்னொரு காரணமும் உண்டு. நேர்முகத் தேர்வுகளில் நாங்கள் உண்மையில் எதை மதிப்பிடுகிறோம்? எதிரில் இருப்பவர் பேசும் ஆங்கிலத்தை. கான்வென்டில் படித்த பையன் தடையில்லாமல் பேசுவான். விருதுநகர் மாவட்டத்தில் தமிழ் வழியில் படித்து, பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, மூன்று ஆண்டுகள் தொழிற்சாலைத் தரையில் நின்ற பெண், பேசும்போது ஒரு சொல்லுக்காகத் தயங்குவாள். ஆனால் ஒரு கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டால், எந்த போல்டை முதலில் கழற்றினால் எது கையில் விழும் என்று அவளுக்குத் தெரியும். இறுக்கும் அளவைச் சொல்லாமல் 'நன்றாக இறுக்கவும்' என்று எழுதினால் என்ன ஆகும் என்று தெரியும். வழிமுறை எழுதுவதற்கு வேண்டிய ஆங்கிலம் மிகச் சிறியது. விமானப் பராமரிப்பு மேனுவல்களுக்கென்று உருவான ஏ.எஸ்.டி. எஸ்.டி.இ.-100 என்ற எளிய ஆங்கில விதிமுறையில் அனுமதிக்கப்பட்ட பொதுச் சொற்கள் 900 அளவில்தான். ஒரு செயலைச் சொல்லும் வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது. விமானத்தைப் பழுதுபார்க்கவே அவ்வளவு ஆங்கிலம் போதும். அந்தப் பெண்ணிடம் அது இருக்கிறது. அவளுக்கு வாய்ப்புக் கொடுக்கும் ஒரு வாசல் நம்மிடம் இல்லை. கைவேலையைச் சோதிக்கும் ஒரு தேர்வு இருந்தால், பேச்சுக்குக் கிடைக்கும் அநியாய முன்னுரிமை குறையும். சான்றிதழால் அதிகம் பயன்பெறப் போவது என்னைப் போல ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் அல்ல, அவளைப் போன்றவர்கள்தான்.

தமிழில் எழுதப்படும் வழிமுறைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நிலைமை இன்னும் மோசம். பூச்சிமருந்து பாட்டிலோடு மடித்து வைத்த ஒரு துண்டுத்தாள் வரும். 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி வட்டார மொழியிலும் அது இருக்க வேண்டும். நஞ்சின் கடுமையைச் சொல்ல பாட்டிலின் லேபிளில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோண நிறக் குறியீடு உண்டு. அந்தத் தாளைப் பிரித்துப் பாருங்கள். பல மொழிகளை ஒரே தாளில் நெருக்கியதில் எழுத்து எறும்பைவிடச் சிறியதாக இருக்கும். ஒரு ஏக்கருக்கு எத்தனை டேங்க், ஒரு டேங்குக்கு எத்தனை மூடி என்று விவசாயி நினைப்பார். தாளில் ஒரு ஹெக்டேருக்கு இத்தனை கிராம் மூலப்பொருள் என்று அட்டவணை இருக்கும். வாயில் பட்டால் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பது அடியில் எங்கோ இருக்கும். சட்டம் கேட்ட ஒவ்வொரு தகவலும் அதில் இருக்கிறது. வயலில் நிற்பவருக்குப் பயன்படும்படி எதுவும் இல்லை. அதை எழுதியவரும் மொழிபெயர்த்தவரும் கெட்டவர்கள் அல்ல. வாசகர் யார், எங்கே நின்று, எந்த வெளிச்சத்தில், கையில் என்ன வைத்துக்கொண்டு படிப்பார் என்று கேட்கும் பயிற்சி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அது கற்றுக்கொடுக்கக் கூடியது. சோதித்துப் பார்க்கவும் கூடியது.

இனி இதையெல்லாம் ஏ.ஐ. எழுதிவிடுமே, தேர்வு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. ஏ.ஐ. எழுதிக் கொடுப்பதை நானும் பயன்படுத்துகிறேன். அது இந்த பம்பின் கதவைத் திறந்து பார்த்ததில்லை. பத்து பம்புகளின் மேனுவலைக் கலந்து, எந்த பம்புக்கும் பொருந்தாத ஒரு வழிமுறையைப் பிழையில்லாத வாக்கியங்களில் தரக்கூடியது அது. நல்ல மொழி இப்போது இலவசமாகக் கிடைக்கிறது. அதனாலேயே, உண்மையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடத் தகுதியானவர் யார் என்ற கேள்வி முன்பைவிடக் கூர்மையாகிவிட்டது.

சரி, எப்படிப்பட்ட தேர்வு? நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் மட்டும் இருந்தால் எனக்கு உடன்பாடில்லை. பயிற்சி மையங்கள் ஒரே மாதத்தில் கேள்வி வங்கியை மனப்பாடம் செய்ய வைத்துவிடும். பல துறைகளில் அதைப் பார்த்துவிட்டோம். நுழைவுக்கு ஒரு சிறு எழுத்துத் தேர்வு போதும். எச்சரிக்கை நிலைகள் என்னென்ன, உயிர் போகும் ஆபத்துக்கும் கருவி கெடும் ஆபத்துக்கும் குறியீடு எப்படி வேறுபடும், சட்டம் எதைக் கேட்கிறது என்பதை அதில் கேட்கலாம். முக்கியமான பகுதி ஐ.டி.ஐ. மாணவர்களின் செய்முறைத் தேர்வைப் போல இருக்க வேண்டும்.

தேர்வு எழுதுபவர் முன் ஒரு கருவியை வையுங்கள். வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் போதும். பொறியாளரின் குறிப்புகளையும் கொடுங்கள். அந்தக் குறிப்புகளில் ஒரு முக்கியமான தகவல் விடுபட்டிருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வரிகள் இருக்க வேண்டும். பொறியாளராக ஒருவரை உட்கார வைத்து, அரை மணி நேரம் அவரிடம் கேள்வி கேட்க அனுமதியுங்கள். விடுபட்டதைக் கண்டுபிடிக்கிறாரா, முரணைக் கேட்கிறாரா, கருவியைத் தன் கையால் இயக்கிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பிறகு மூன்று மணி நேரம் எழுதட்டும். எழுதி முடித்ததை, அந்தக் கருவியை இதுவரை தொட்டிராத ஒருவர் கையில் கொடுங்கள். அவர் படித்துப் படித்துச் செய்யட்டும். எழுதியவர் பக்கத்தில் நின்று பார்க்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. கைப்பட்டையை முழங்கைக்கு மேலே எவ்வளவு தூரத்தில் கட்டுவது என்று வாசகர் திணறினால், அந்த இடம் எது என்று எழுதியவரே குறித்துக்கொண்டு, திரும்பத் திருத்தி எழுத இன்னும் ஒரு மணி நேரம் கொடுங்கள். மதிப்பெண்ணில் பாதி அந்தத் திருத்தத்துக்குப் போக வேண்டும். ஒருவர் நல்ல டெக்னிக்கல் ரைட்டரா என்பதை வாசகர் திணறும்போது அவர் முகத்தைப் பார்த்தே என்னால் சொல்லிவிட முடியும். வாசகர்மேல் எரிச்சல் வருகிறதா, தன் வரியைத் தேடுகிறாரா என்பதுதான் கேள்வி.

இந்தத் தேர்வைத் தமிழிலும் எழுத முடிய வேண்டும். கோவையிலிருந்து பம்ப்செட்டும் கிரைண்டரும் தமிழ் பேசும் வீடுகளுக்குத்தான் நிறையப் போகின்றன. தமிழில் வழிமுறை எழுதுபவரை மொழிபெயர்ப்பாளர் என்று கடைசி நாளில் கூப்பிடாமல், ஆரம்பத்திலிருந்தே கருவியோடு உட்கார வைக்க அப்படியொரு தகுதி வேண்டும்.

சான்றிதழ் இல்லாதவர் எழுதக் கூடாது என்று சட்டம் போட வேண்டும் என நான் சொல்லவில்லை. அப்படி வந்தால் எதிர்ப்பேன். இந்தத் தொழிலின் பலமே செவிலியராக, மெக்கானிக்காக, ஆசிரியராக இருந்தவர்கள் எல்லாத் திசைகளிலிருந்தும் இதற்குள் வருவதுதான். நீண்ட அனுபவம் உள்ளவர்கள் ரகசியக் காப்பு உறுதியோடு தங்கள் பழைய வேலையைத் தேர்வாளரிடம் மட்டும் காட்டி மதிப்பீடு பெற வழி இருக்க வேண்டும். அதற்கு நிறுவனங்கள் ஒத்துழைக்க வேண்டும், அவர்களுடைய ஆடிட்டுக்கும் அது உதவும். சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லக் கூடாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கட்டணம் ரூபாயில், ஒரு புதிய ஊழியர் தன் மாதச் சம்பளத்தில் சிறு பகுதியைக் கொண்டு கட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

நடத்துவது யார்? ஒரு சங்கத்திடம் மட்டும் விட வேண்டாம் என்று மேலே சொன்னேன். ஒரு பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தையும் பதிவேட்டையும் வைத்துக்கொள்ளட்டும். அமைப்புகள் வந்து போனாலும் பதிவேடு இருக்கும். தேர்வாளர்கள் தொழிலில் இருப்பவர்களாக இருக்கட்டும். செலவில் ஒரு பங்கை, 84-வது பிரிவின் பொறுப்பைச் சுமக்கும் தயாரிப்பாளர்கள் ஏற்கட்டும். மருத்துவக் கருவி, பூச்சிமருந்து, வீட்டு மின்சாதனம் என்ற மூன்றில் முதலில் தொடங்கலாம், தவறினால் உயிர் போகும் இடங்கள் அவை. செய்முறைத் தேர்வில் வாசகராக உட்காரச் செவிலியர்களையும் விவசாயிகளையும் வீட்டு வேலை செய்யும் பெண்களையும் அழைக்க வேண்டும். அன்றைய நாளுக்கான கூலியையும் போக்குவரத்துச் செலவையும் தேர்வுக் கட்டணத்திலிருந்தே அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.